நோயாளியின் வலியும் செவிலியரின் பாரமும்: நீலகிரியில் சேர்த்து ஆராய்வது எப்படி?

குன்னூர்ப் பக்கம் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பராமரிப்புக் குழுவில் இருக்கும் ஒரு செவிலியர், எம்.எஸ்ஸி. நர்சிங் ஆய்வுக்காகக் கேட்டிருக்கும் கேள்வி இது: "நோய் ஆதரவுச் சிகிச்சையில் (தீராத நோயின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்பில்) நோயாளிகளின் நலனையும் எங்களுடைய நலனையும் ஒரே ஆய்வில் பார்க்க முடியுமா? எங்கள் குழுவில் ஆறு பேர்தான். எதை வைத்து அளப்பது, எங்கே தப்பு வரும்?"

முடியும். சேர்த்துப் பார்ப்பதுதான் சரி என்பேன். தனித்தனியாகப் பார்த்தால், நோயாளிக்கு வலி இருக்கிறது என்று ஒரு ஆய்வும், செவிலியர் களைத்திருக்கிறார் என்று இன்னொரு ஆய்வும் வரும். இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை என்பது யார் கண்ணிலும் படாது.

தினமும் சாவைப் பார்ப்பதால்தான் இந்தத் துறைச் செவிலியர்கள் மனம் உடைந்து போகிறார்கள் என்பது பரவலான எண்ணம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1995-ல் மேரி வாஷன் எழுதிய கட்டுரை, ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்) பணியாளர்களின் அழுத்தம் பெரும்பாலும் வேலையமைப்பிலிருந்தும் பொறுப்புக் குழப்பத்திலிருந்தும் வருகிறது, மரணத்தைப் பார்ப்பதிலிருந்து அவ்வளவாக இல்லை என்று காட்டியது. 2011-ல் போர்ச்சுகலில் இருந்து வந்த ஒரு தொகுப்பாய்விலும், இந்தத் துறையில் பணிச்சோர்வு மற்றத் துறைகளைவிட அதிகமாகத் தெரியவில்லை. இதோடு 1984-ல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் வரையறுத்த ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். செய்ய வேண்டியது இன்னதென்று செவிலியருக்குத் தெரியும், ஆனால் அதைச் செய்யவிடாமல் நிறுவனத்தின் ஏற்பாடு தடுக்கிறது. அப்போது வருவதை அவர் அறம் சார்ந்த மனவேதனை என்றார். நம் மலையில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "சிஸ்டர், ராத்திரி பூரா தூங்கல, கத்திக்கிட்டே இருக்காரு, ஏதாவது குடுங்க" என்று தேயிலைத் தோட்ட லைன் வீட்டு வாசலிலேயே மனைவி கையைப் பிடித்துக்கொள்கிறார். பையில் இருப்பது பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மலைக்குக் கீழே இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து இறங்கி வரும் செவிலியரின் மனதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் உங்கள் ஆய்வு பிடிக்க வேண்டும்.

ஆகவே ஆய்வின் கேள்வியை இப்படி வையுங்கள்: வலியைத் தணிக்க வழி கையில் இருந்த வருகைக்கும் இல்லாத வருகைக்கும் இடையே, நோயாளியின் நிலையிலும் செவிலியரின் மனப்பாரத்திலும் என்ன வித்தியாசம்?

"வழி கையில் இருப்பது" என்றால் என்ன என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். மார்ஃபின் இருந்தால் மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வகுத்த முறையின் உயிர்நாடி, வலி வந்த பிறகு கொடுக்காமல் மணி பார்த்துக் கொடுப்பது. வழக்கமான மார்ஃபின் மாத்திரையின் பலன் நான்கு மணி நேரம்தான். இதற்குமுன் இவ்வகை மருந்தே எடுக்காதவருக்கு மருத்துவர் பெரும்பாலும் 5 மி.கி.யில் தொடங்குவார், வயதானவர், மெலிந்தவர் என்றால் 2.5. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என ஐந்து வேளை. இரவு வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுத்தால் நடுராத்திரி எழுப்ப வேண்டாம். இடையில் குத்தி எழும் வலிக்கு, ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு தனியாக. சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தின் கழிவு உடம்பில் தங்கிவிடும்; அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் மலச்சிக்கல். மார்ஃபின் தொடங்கிய அதே இரவு மலமிளக்கியான பிசாகோடில் 5 மி.கி. இரண்டு மாத்திரையும் தொடங்கியாக வேண்டும். தொடங்காவிட்டால் நான்காம் நாள் வயிறு உப்பி, "இந்த மருந்து ஒத்துக்கல" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருகையில் வலி பழைய இடத்திலேயே நிற்கும். முதல் சில நாள் குமட்டலுக்கும் மருந்து வேண்டும். இரண்டு மூன்று நாள் அசந்து தூங்குவார், பல நாள் தூங்காத தூக்கம் அது. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் வீட்டார் பயப்பட மாட்டார்கள்.

கையிருப்புக் கணக்கையும் ஆய்வுப் படிவத்தில் சேருங்கள். 10 மி.கி. வேளைக்கு ஒன்று, இரவு இரண்டு என்றால் நாளைக்கு 6, பதினான்கு நாளுக்கு 84. குத்தி எழும் வலிக்கு நாளைக்கு இரண்டு என்று வைத்தால் இன்னும் 28. மொத்தம் 112 மாத்திரை. 60 மாத்திரையோடு அனுப்பிவைத்தால் எட்டாம் நாளே தீர்ந்துவிடும். மீதி நாட்கள் வலியோடு, திடீரென மருந்து நின்றதால் வரும் வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பும் சேரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் சாலையில் மரமோ மண்ணோ சரிந்தால் கீழே போய் வாங்கவும் முடியாது. அந்த மாதங்களுக்கு ஒரு வாரம் கூடுதலாக மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வைக்க வேண்டும். 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பல துறைகளில் பல உரிமங்கள் வாங்கும் அலைச்சல் போய், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாகிவிட்டது. மலையில் மருந்து இல்லாததற்குச் சட்டத்தை மட்டும் காரணம் காட்டுவது இனிச் செல்லாது. உங்கள் பகுதியில் அந்த அங்கீகாரம் எந்த மருத்துவமனைக்கு உண்டு, அங்கிருந்து நோயாளியின் வீடு எத்தனை மணி நேரம் என்பதையும் ஒரு தகவலாகப் பதியுங்கள்.

சமவெளியில் எழுதிய படிவத்தை அப்படியே எடுத்தால் விட்டுப்போகும் சில விஷயங்கள் உண்டு. மார்ஃபின் போன்ற வலிமருந்தைத் தோல் வழியே செலுத்தும் ஃபென்டனில் பேட்ச் அதில் முக்கியமானது. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் இந்தப் பட்டையில், தோல் சூடானால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். குளிருக்குக் கணப்புச் சட்டியைக் கட்டிலருகே வைப்பதும், வெந்நீர்ப் பையை மார்போடு அணைத்துப் படுப்பதும் நமக்குச் சாதாரணம். பட்டை ஒட்டிய இடத்தில் அந்தச் சூடு பட்டால் மூச்சு மந்தமாகும் அபாயம் உண்டு. காய்ச்சல் வந்தாலும் அப்படியே. பட்டை எங்கே ஒட்டியிருக்கிறது, கணப்பு எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி படிவத்தில் இருக்கட்டும்.

படுக்கைப் புண்ணுக்குத் தண்ணீர்ப் படுக்கை நன்கொடையாக நிறைய வரும். மஞ்சூர், ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில், அந்தப் படுக்கையில் குழாய்த் தண்ணீரை நிரப்பி மேலே ஒரு விரிப்பை மட்டும் போட்டால், மெலிந்த உடம்பின் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நோயாளி நடுங்குவார், உடம்பை இறுக்குவார், வலி கூடும். வெதுவெதுப்பான நீரை ஊற்றி, மேலே தடித்த கம்பளியை இரண்டாக மடித்துப் போட வேண்டும். காற்றுப் படுக்கைக்குக் குளிர்ப் பிரச்சினை குறைவு, ஆனால் மின்சாரம் போனால் காற்று இறங்கிவிடும். எந்தப் படுக்கையானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவது நிற்கக் கூடாது. படுக்கை வந்துவிட்டது என்று திருப்புவதை விட்டுவிடும் வீடுகளில்தான் புண் ஆழமாகிறது.

மூச்சுத் திணறலை அளக்கும்போதும் கவனம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான், அதனால் ரத்தத்தின் ஆக்ஸிஜன் எண்ணும் இயல்பாகவே சற்றுக் குறையும். விரல் சில்லிட்டிருந்தால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தப்பாகக் குறைத்துக் காட்டும். கையை உங்கள் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடாக்கிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து எண்ணைப் பாருங்கள். எண்ணைவிட நோயாளி சொல்வதே முக்கியம். விறகுப் புகை சூழ்ந்த அறையில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, முகத்துக்கு நேரே விசிறினாலே பலருக்கு ஆறுதல் கிடைக்கும்.

இனி அளவுகோல். நோயாளிக்கு எட்மன்டன் அறிகுறி அளவுகோல் போதும். வலி, அசதி, தூக்கக் கலக்கம், குமட்டல், பசி, மூச்சு, மனச்சோர்வு, பதற்றம், பொதுவான நலம் என்று ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10. ஐந்து நிமிடத்தில் முடியும். 30 கேள்வி கொண்ட ஐரோப்பியப் புற்றுநோய் வினாத்தாள் நல்லதுதான், ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரிடம் "நீண்ட தூரம் நடக்க முடிகிறதா" என்று கேட்பது அவரை நோகடிக்கும்.

பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எண்பது வயதுப் பாட்டி முகத்தையே பார்ப்பார். பத்துத் தீக்குச்சியை முன்னால் வைத்து, "வலி எத்தனை குச்சியோ அத்தனை எடுங்கம்மா" என்றால் எடுத்துக் காட்டிவிடுவார். முறை எதுவானாலும் ஆய்வு முடியும்வரை எல்லாரிடமும் அதே முறை. "மனச்சோர்வு", "பதற்றம்" என்ற சொற்களை அச்சில் விடாதீர்கள். "மனசு பாரமா இருக்கா", "உள்ளுக்குள்ள பயமா, படபடன்னு இருக்கா" என்று கேட்டால்தான் பதில் வரும். படுகர், பணியர், காட்டுநாயக்கர் வீடுகளில் தமிழ்ச் சொல்லுக்கு அவரவர் மொழியில் என்ன பொருளாகிறது என்று, தொடங்குமுன் ஐந்தாறு பேரிடம் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும். மொழிபெயர்த்து, திரும்ப மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது மட்டும் இதற்குப் போதாது.

10-க்கு 2 புள்ளியோ 30 சதவீதமோ குறைந்தால்தான் வலி உண்மையாகவே குறைந்ததாக நோயாளி உணர்கிறார் என்பது வலி ஆய்வுகளில் ஏற்கப்பட்ட கணக்கு. 7 என்பது 6 ஆனதைச் சாதனையாக எழுத வேண்டாம்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, இறப்பு. 2010-ல் பாஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த புகழ்பெற்ற ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வாழ்க்கைத்தரம் கூடி, மனச்சோர்வு குறைந்தது. இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம் இருந்தது. அவர்கள் தொடக்கத்திலும் 12 வாரத்திலும் அளந்தார்கள். அந்த ஆய்வின் நோயாளிகள் நோய் கண்டறிந்தவுடன் சேர்ந்தவர்கள். நம்மிடம் வருபவர்கள் கோயம்புத்தூரில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன பிறகு வருகிறார்கள். 12 வாரம் காத்திருந்தால் பாதிப் படிவம் காலியாக இருக்கும். அதைவிட மோசம், மிஞ்சியிருப்பவர்களின் சராசரியை மட்டும் எடுத்தால் சிகிச்சை பிரமாதமாக வேலை செய்ததுபோல் தோன்றும். கடுமையாக இருந்தவர்கள் இறந்துவிட்டார்கள் என்பது எண்ணில் தெரியாது. வாரம் ஒருமுறை சுருக்கமாக அளந்து, விடுபட்ட ஒவ்வொரு தடவைக்கும் காரணம் எழுதுங்கள்: இறந்தார், பேச முடியவில்லை, ஊருக்குப் போனார், சாலை அடைப்பு. பேச முடியாத நாள் வரும் என்று தெரிந்தே, முதல் வாரத்திலிருந்து வீட்டில் கவனிப்பவரிடமும் அதே கேள்விகளைத் தனியாகக் கேட்டு வையுங்கள். வாந்தி, நடமாட்டம் போன்ற கண்ணுக்குத் தெரிவதில் இருவர் பதிலும் ஓரளவு ஒத்துப்போகும். வலியையும் மனவேதனையையும் வீட்டார் பொதுவாகக் கூட்டியே சொல்வார்கள். அந்த இடைவெளி எவ்வளவு என்று முன்பே தெரிந்தால் பிறகு வீட்டாரின் பதிலை மட்டும் வைத்து எடைபோடலாம்.

இரண்டாவது பொறி, மனம் இடம் மாறுவது. கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை என்ற முதல் மாதத்தில் நலம் 2 என்று சொன்னவர், எழுந்து உட்காரவே முடியாத மூன்றாம் மாதத்தில் 6 என்பார். தவறாகச் சொல்லவில்லை. வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்தால் இப்போது அவருக்கு அது நல்ல நாள். "போன மாசம் இருந்ததை இப்ப நினைச்சுப் பார்த்தா எத்தனை குடுப்பீங்க" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் இந்த மாற்றம் பதிவாகும்.

செவிலியர் பக்கத்துக்கு மாஸ்லாக்கின் பணிச்சோர்வு வினாத்தாளைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 22 கேள்வி, உணர்வு வறட்சி, மனிதரை மனிதராகப் பார்க்காமல் போவது, சாதித்த உணர்வு என்று மூன்று பிரிவு. அதற்குப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். பணிவாழ்க்கைத் தரத்தை அளக்கும் புரோகியூஓஎல் (ProQOL) வினாத்தாளுக்குக் கட்டணமில்லை, 30 கேள்வி, அதில் ஒரு பிரிவு பரிவால் கிடைக்கும் நிறைவு. இந்தப் பிரிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. செவிலியர் களைப்பும் நிறைவும் ஒரே நாளில் இருக்கக்கூடியவை. களைப்பை மட்டும் அளந்தால் ஏன் இத்தனை பேர் இந்த வேலையை விடாமல் பார்க்கிறார்கள் என்பது புரியாது.

ஆனால் ஆறு பேரை வைத்து இந்தப் புள்ளிகளை நோயாளிகளின் புள்ளியோடு தொடர்புபடுத்திப் பார்ப்பது வீண். அதனால் ஆளை விட்டுவிட்டு வருகையை அலகாக வையுங்கள். ஆறு பேர், நாளைக்கு மூன்று வீடு, வாரம் ஐந்து நாள், எட்டு வாரம்: 720 வருகை. விடுப்பும் மழையும் போக 500 தேறினாலும் நல்லது. வீட்டைவிட்டு இறங்கியதும் வண்டியில் ஏறுமுன் செவிலியர் மூன்று கேள்விக்குக் குறிக்க வேண்டும். இன்று அங்கே இருந்த பிரச்சினைக்கு என்னால் செய்யக்கூடியது இருந்ததா? அதற்கான மருந்தும் பொருளும் உத்தரவும் கையில் இருந்தனவா? மனதில் பாரம் 0 முதல் 10-க்கு எத்தனை? மாலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பினால் கடைசி வீட்டின் நினைப்பு எல்லா வீட்டிலும் ஏறிவிடும்.

எண்ணிக்கை 500 என்றாலும் அவை ஆறு பேரிடமிருந்து வந்தவை. ஒருவர் இயல்பாகவே 3 போடுவார், இன்னொருவர் 7 போடுவார். ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட வேண்டும்: வழி இருந்த நாளின் அவர் எண், இல்லாத நாளின் அவர் எண். புள்ளியியல் ஆலோசகரிடம் போகும்போது இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சாதாரண டி-சோதனை போட்டால் முடிவு தப்பாகிவிடும்.

நோயாளியின் வலியையும் தன் பாரத்தையும் ஒரே செவிலியர் எழுதினால், மனம் கனத்த நாளில் வலியையும் கூட்டிப் போடும் வாய்ப்பு இருக்கிறது. வருகைக்கு 48 மணி நேரம் கழித்து, வேறொருவர் தொலைபேசியில் வலியைக் கேட்டுக் குறிக்கட்டும். சிக்னல் இல்லாத பாடிகளுக்கு (பழங்குடிக் குடியிருப்புகளுக்கு), அங்கே இருக்கும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரோ தன்னார்வலரோ கேட்டுச் சொல்லலாம். சாலையில் போன மணி நேரம், நடந்து இறங்கிய படி, மழை, கூடலூர்-பந்தலூர் பக்கமானால் யானை வருமுன் இருட்டுக்குள் திரும்ப வேண்டிய அவசரம் ஆகியவற்றையும் பதியாவிட்டால், மழை வாரத்தின் அலுப்பை மருந்தில்லாத வேதனை என்று தப்பாக எண்ணிவிடுவீர்கள். தோளில் பையோடு தேயிலைச் சரிவில் இறங்கி ஏறும் முதுகுவலியும் நலக்கேடுதான்.

செவிலியர்களின் அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பேரில் வயதும் அனுபவ ஆண்டும் கேட்டால் யார் எழுதியது என்று மேற்பார்வையாளருக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டையும் கேட்காதீர்கள். படிவம் அலுவலகத்துக்கு வராமல் நேரே உங்கள் வழிகாட்டிக்குப் போகட்டும். இதைச் செய்யாவிட்டால் எல்லாரும் 2, 3 என்று பாதுகாப்பாகப் போட்டுவிடுவார்கள்.

ஒப்புதல் படிவத்தில்தான் பெரிய சறுக்கல் காத்திருக்கிறது. "புற்றுநோயாளிகளின் நலம்" என்று தலைப்பை அச்சடித்துக்கொண்டு போனால், "அவருகிட்ட சொல்லல சிஸ்டர்" என்று மகன் வாசலிலேயே கைகூப்பும் வீட்டில், தலைப்பே நோயைச் சொல்லிவிடும். "நீண்டநாள் நோயுள்ளவர்களின் நலம்" என்று தலைப்பிடுங்கள், அது பொய்யும் இல்லை. நோயாளியிடம் முதலில் "உடம்புக்கு என்னன்னு உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க, இன்னும் ஏதாவது தெரிஞ்சுக்கணுமா" என்று கேளுங்கள். பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி, ஊர்த் தலைவரோ மூத்தவரோ சம்மதித்தாலும் அது தனிநபரின் ஒப்புதலுக்கு ஈடாகாது. கைநாட்டு என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் வேண்டும். வாராவாரம் "இன்னிக்குக் கேக்கலாமா" என்று மறுபடி கேளுங்கள். வலி 7 அல்லது அதற்குமேல் என்று யாராவது சொன்னால், ஆய்வை ஓரமாக வைத்துவிட்டு அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். அந்த வரி நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் திட்டத்திலேயே எழுதியிருக்கட்டும்.

நேரம்: ஜனவரியில் இரண்டு வாரம் ஒத்திகை, பிப்ரவரி, மார்ச்சில் முதல் எட்டு வாரம். கை கொடுத்தால் அக்டோபரில் இன்னொரு எட்டு வாரம். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, கூடலூருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட். அந்தப் பக்கத்தையும் சேர்ப்பதானால் அட்டவணையைப் பிரித்துப் போடுங்கள். கூடலூரைச் சேர்ப்பது நல்லது. எல்லையைத் தாண்டினால் கேரளம், அங்கே 2008-லேயே அரசுக் கொள்கை வந்து, செவிலியர் தலைமையில் வீட்டுப் பராமரிப்பும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் வேரூன்றிவிட்டார்கள். சோறு ஊட்ட, கூட உட்கார, ஜீப் பிடிக்க ஊரார் இருக்கும் இடத்தில் செவிலியரின் பாரம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டால், உங்கள் ஆய்வு சிகிச்சை ஏற்பாட்டையே மாற்றச் சொல்லும் அளவுக்குப் போகும்.

கடைசியாக, படிவத்தில் இறப்புக்குப் பிந்தைய வருகைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நோயாளி போய்விட்டார் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ளும் செவிலியர்கள் உண்டு. மூன்று மாதம் புண் துடைத்த கைக்கு விடைபெறக்கூட வாய்ப்பில்லாமல், அடுத்த நாள் அடுத்த வீடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருமுறை போய் உட்கார்ந்து, மீதி மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி வாங்கிப் பதிவேட்டில் எழுதி, வீட்டார் தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டு வர அரை நாள் ஆகும். அந்த அரை நாள் குழுவின் அட்டவணையில் வேலையாகக் கணக்கிடப்படுகிறதா, செவிலியர் தன் விடுப்பில் போகிறாரா என்பதை ஒரு கட்டத்தில் குறியுங்கள். போய் வந்த பிறகு வரும் பார எண்ணையும் அதன் பக்கத்திலேயே.